வயர்லெஸ் அலாரம் ராத்திரியில தானா அடிக்குது, யாராச்சும் உதவுங்க

விழித்திரு | செவ்வாய், அதிகாலை 3.20

யாராச்சும் முழிச்சிருந்தா சொல்லுங்க. போன வாரம் வயர்லெஸ் திருட்டு அலாரம் வாங்கி நானே மாட்டினேன். மூணு நாளா ராத்திரி ரெண்டு மணிக்கு மேல தானா அடிக்குது. கதவெல்லாம் பூட்டித்தான் இருக்கு, யாரும் வரல, டார்ச் எடுத்துட்டு மொட்டை மாடி வரைக்கும் போய் பாத்துட்டேன். சைரன் சத்தத்துல அம்மாவுக்கு படபடப்பு வந்து இப்ப எழுந்து உக்காந்துட்டு இருக்காங்க, ரிமோட்ல ஆஃப் பண்ணா நிக்குது, திரும்ப ஆன் பண்ணி படுத்தா ஒரு நாள் அடிக்குது ஒரு நாள் சும்மா இருக்கு. ரீசெட்டும் பண்ணி பாத்தாச்சு. என்ன பண்றது?

சாலிடர் | 3.41

எந்த மாடல்? எத்தனை சென்சார்? அடிக்கும்போது பேனல்ல, அதாவது மெயின் பெட்டில, எந்த ஜோன் நம்பர் (எந்த சென்சார்னு காட்டுற எண்) வந்துச்சு? இந்த மூணும் தெரியாம யாராலயும் ஒண்ணும் சொல்ல முடியாது ப்ரோ. அம்மாவுக்கு முதல்ல தண்ணி குடுங்க. இன்னைக்கு ஒரு ராத்திரி ஆர்ம் பண்ணாம, அதாவது அலாரத்த ஆன் பண்ணாம, தாழ்ப்பாள நல்லா போட்டுட்டு தூங்குங்க, விடிஞ்சதும் பாக்கலாம்.

நிலாமுற்றம் | 5.55

பல்லிதாங்க. எங்க வீட்டுல ரெண்டு மாசம் இதே பாடுதான் பட்டோம். மோஷன் சென்சார் முன்னாடி வெள்ளையா வளைஞ்ச ஒரு பிளாஸ்டிக் இருக்கும்ல, அது வெறும் மூடி இல்ல, லென்ஸ். ரூம பட்டை பட்டையா பிரிச்சு பாக்கும், ஒரு பட்டையிலேருந்து அடுத்ததுக்கு உடம்புச் சூடு நகர்ந்தா ஆள் நடக்குறதா எடுத்துக்கும். அந்த லென்ஸ் மேலயே பல்லியோ பூச்சியோ ஊர்ந்தா ஒரே நேரத்துல பல பட்டை மறைஞ்சு போகுது, அது பாட்டுக்கு அடிச்சுடும். நான் கழட்டி பாத்தப்ப பின்பக்க ஸ்க்ரூ ஓட்டை வழியா சிலந்தி உள்ள போய் கூடே கட்டியிருந்துச்சு, லென்ஸ் உள்பக்கம் முழுக்க பஞ்சு மாதிரி. தொடச்சிட்டு ஓட்டைய சிலிக்கான் வெச்சு அடச்சேன், அதோட நின்னுச்சு. இன்னைக்கே கழட்டி பாருங்க.

மின்கம்பி | 7.10

தம்பி, வாங்கிட்டு வந்து சுவத்துல ஒட்டினா வேலை முடிஞ்சுதுன்னு நினைக்கிறதுதான் இங்க பாதி பேருக்கு பிரச்சனை. மேனுவல முதல் பக்கத்துலேருந்து படிச்சீங்களா? என்ட்ரி டிலேன்னா என்ன, 24 மணி நேர ஜோன்னா என்ன, டேம்பர்னா என்ன, இதெல்லாம் தெரியாம மாட்டினா இப்படித்தான் ஆகும். நான் இருபது வருசமா வயர் இழுத்து அலாரம் போடுறவன். பேட்டரில ஓடுற சென்சார நம்பி என் வீட்டு கொட்டகைக்குக்கூட போட மாட்டேன். முதல்ல படிங்க, அப்புறம் வந்து கேளுங்க.

அலைவரிசை | 7.48

இது ரேடியோ தொல்லை மாதிரி தெரியுது. இந்த மாதிரி செட் நிறைய 433 மெகாஹெர்ட்ஸ்ல பேசும், சிலது 868ல. 433ல கார் சாவி, கேட் ரிமோட், வயர்லெஸ் காலிங் பெல், வெளிய வைக்கிற தெர்மாமீட்டர் எல்லாமே ஒரே இடத்துல கத்திட்டு இருக்கும். பக்கத்து வீட்ல அதே மாதிரி செட் இருந்தா அவங்க சென்சார் அனுப்புற அடையாள எண்ண, அதாவது கோட, உங்க பேனல் எடுத்துக்க வாய்ப்பு இருக்கு, கேட்டு பாருங்க. பேனல் பக்கத்துல புதுசா எல்இடி பல்பு, மலிவு சார்ஜர் ஏதாச்சும் மாட்டினீங்களா? அதுகளும் இரைச்சல் கெளப்பும்.

சாலிடர் | 8.05

@அலைவரிசை பக்கத்து வீட்டு கோட் மோதுறதெல்லாம் பழைய செட்ல. ஜம்பர் (பின்ன இணைக்குற குட்டி கிளிப்) வெச்சு கோட் செட் பண்ற சிப்ல எட்டு பின், ஒவ்வொண்ணுக்கும் மூணு நிலை, மொத்தமே 6,561 கோட்தான், அதையும் எல்லாரும் ஃபேக்டரில வந்தபடியே விட்டுடுவாங்க, மோதாம என்ன செய்யும். இப்ப வர்ற மலிவு செட்ல பரவலா இருக்குற சிப் 20 பிட், அதாவது பத்து லட்சத்து நாப்பத்தெட்டாயிரத்து சொச்சம் கோட். அப்புறம் இரைச்சல் இருந்தா என்ன ஆகும், சென்சார் சொல்றது பேனலுக்கு கேக்காது. அடிக்க வேண்டிய நேரத்துல அடிக்காம போகும். இவருக்கு நடக்குறது நேர் எதிர்.

விழித்திரு | 9.15

ஆபீஸ் கெளம்பிட்டு இருக்கேன், சுருக்கமா சொல்றேன். பெட்டில மாடல் பேரே இல்ல, வெள்ளை பேனல், சிம் போடலாம், வைஃபையும் உண்டு. சென்சார் ஆறு. பக்கத்து வீட்ல அலாரமே கெடையாது. பல்லி இருக்கு, எல்லா ரூம்லயும்தான் இருக்கு. ஜோன் நம்பர் பாக்கல, அந்த சத்தத்துல அதெல்லாம் பாக்க தோணல. இன்னொண்ணு, மோஷன் சென்சார் முன்னாடி நடந்தா முதல் தடவ லைட் எரியுது, உடனே திரும்ப நடந்தா எரிய மாட்டேங்குது. அதுவும் கோளாறா?

சாலிடர் | 9.24

அது கோளாறு இல்ல. பேட்டரிய மிச்சப்படுத்த ஒரு தடவ ஆளப் பாத்து சிக்னல் அனுப்பிட்டா கொஞ்ச நேரம் தூங்கிடும். சிலதுல மூணு நிமிசம் வரைக்கும்கூட ஆகும். அந்த ரூம்ல யாரும் அசையாம இருந்தாத்தான் திரும்ப முழிக்கும். டெஸ்ட் பண்ணணும்னா வாக் டெஸ்ட் மோட்ல (நடந்து பாத்து சோதிக்கிற செட்டிங்) போட்டு நடங்க. சென்சார நோக்கி நேரா வராம குறுக்க நடங்க, அப்பதான் நல்லா புடிக்கும்.

ஊசிநூல் | 9.32

ஆறுல கதவுக்கு எத்தனை, மோஷன் எத்தனை? ராத்திரி ஸ்டே மோட்ல போடுறீங்களா, இல்ல வெளிய போறப்ப போடுற முழு ஆர்மா? பொதுவா ஸ்டேல போட்டா உள்ள இருக்குற மோஷன் சென்சார் கணக்குல வராது, அப்ப பல்லிய விட்டுடலாம். வைஃபை இருக்குன்னா ஆப் இருக்கும், ஆப்ல ஹிஸ்டரி இருக்கும், அதுல நேரமும் ஜோனும் பதிவாகியிருக்கும். அத பாத்தா இத்தனை பேர் ஊகிக்க வேண்டிய அவசியமே இல்ல.

அப்புறம் "ராத்திரியில தானா அடிக்குது"ன்னு தலைப்பு வெச்சிருக்கீங்க. பகல்ல ஆர்ம் பண்றீங்களா? அம்மா வீட்ல இருந்தா பகல் முழுக்க டிஸ்ஆர்ம்லதான கெடக்கும். அப்ப இதே தப்பு பகல்லயும் நடந்திருக்கலாம், சைரன் மட்டும் அடிச்சிருக்காது. பகல் ஹிஸ்டரியும் சேத்து பாருங்க.

மதகு | 10.20

பேட்டரிய மாத்துங்க. பெட்டியோட வர்றது எத்தனை மாசம் கெடந்த பேட்டரின்னு யாருக்கு தெரியும். ஒரு எச்சரிக்கை, மோஷன் சென்சார்ல சிஆர்123ஏன்னு குட்டி உருளை பேட்டரி இருந்தா அதே அளவுல சார்ஜ் பண்ற டைப் கெடைக்கும், அத வாங்கி போட்டுடாதீங்க. ஒரிஜினல் 3 வோல்ட், இந்த சார்ஜ் டைப்ல நிறைய ஃபுல்லா ஏறினா 4.2 வோல்ட் வரைக்கும் போகும். என் மச்சான் போட்டான், ஒரு சென்சார் செத்தே போச்சு.

மின்கம்பி | 12.05

ஆளுக்கொரு ஜோசியம் சொல்லிட்டு இருக்கீங்க. வயர் இழுத்திருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது. லூப், அதாவது பேனல்லேருந்து சென்சாருக்கு போய் திரும்புற வயர், அதோட கடைசில ஒரு ரெசிஸ்டர் போட்டா கதவு திறந்தாலும் தெரியும், வயர வெட்டினாலும் தெரியும், ஷார்ட் பண்ணாலும் தெரியும். மலிவு வயர்லெஸ்ல சென்சார் உயிரோட இருக்கா செத்துச்சான்னே பேனலுக்கு தெரியாது. இத சொன்னா யாருக்கும் பிடிக்காது.

அலைவரிசை | 12.30

அது உண்மைதான் சார். ஒருவழிப் பேச்சு செட்ல சென்சார் கத்தும், பேனல் கேக்கும், திரும்ப பதில் கெடையாது. கோடும் மாறாது. ரிமோட்ல ஆஃப் அழுத்துறப்ப அந்த கோட ஒருத்தன் காத்துலேருந்து புடிச்சு வெச்சு அப்புறம் திரும்ப அனுப்பினா பேனல் நம்பி டிஸ்ஆர்ம் ஆகிடும். அதனாலதான் ஒவ்வொரு தடவயும் கோட் மாறுற ரிமோட்டா பாத்து வாங்கணும்னு நான் தலபாடா அடிச்சுக்கிறேன்.

சாலிடர் | 12.52

வயர் நல்லது, யாரும் இல்லன்னு சொல்லல. வாடகை வீட்டுல இருக்குறவங்க சுவத்த கொத்தி பைப் போட முடியுமா? வயர்லெஸ்லயும் ரெண்டுவழி பேசுற செட் இருக்கு. குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு தடவ சென்சார் 'நான் இருக்கேன்'னு பேனலுக்கு சொல்லும், சொல்லாம போனா பேனல் உங்களுக்கு சொல்லும். மொத்தத்தையும் வீண்னு ஒதுக்குறது நியாயம் இல்ல சார்.

மின்கம்பி | 1.15

அது சொல்ல எத்தனை நேரம் ஆகும்னு கேட்டு பாருங்க தம்பி. அதுக்குள்ள வந்தவன் வேலைய முடிச்சிட்டு போயிடுவான். நான் பாத்த வீடுகள நீங்க பாக்கல.

ஊசிநூல் | 1.40

ரெண்டு பேரும் இத தனியா ஒரு இழை போட்டு பேசுங்க, தயவுசெஞ்சு. அங்க ஒரு அம்மா மூணு ராத்திரியா தூங்கல. இப்படியே விட்டா என்ன ஆகும்னு நான் கண்ணால பாத்திருக்கேன். எங்க அத்தை வீட்டு அலாரம் புலி வருது புலி வருதுன்னு கத்தி கத்தி, கடைசில சைரன் வயர கழட்டி டேப் சுத்தி வெச்சுட்டாங்க. பெட்டி மட்டும் இன்னும் சுவத்துல பச்சை லைட்டோட தொங்குது.

விழித்திரு | இரவு 7.30

ஹிஸ்டரி பாத்தேன். மூணு ராத்திரியும் ஜோன் 3, அது பின்கதவு. பகல்லயும் இருக்கு!! இன்னைக்கு மதியம் மட்டும் ஏழு தடவ திறந்து மூடினதா காட்டுது, அம்மா அந்தப் பக்கமே போகலங்கறாங்க. ஸ்டேலதான் போடுறேன். கதவு சென்சார் நாலு, மோஷன் ரெண்டு. அந்த சென்சார் கெட்டுப்போச்சுன்னு அர்த்தமா, வேற வாங்கணுமா?

சாலிடர் | 7.38

இருங்க, எதுவும் வாங்காதீங்க. அது என்ன கதவு, மரமா இரும்பா? மேக்னட்டுக்கும் சென்சாருக்கும் நடுவுல எவ்வளவு கேப்? தாழ்ப்பாள் போட்டப்புறம் கதவ புடிச்சு இழுத்தா ஆடுதா?

விழித்திரு | 8.05

இரும்பு, தகடு அடிச்ச கதவு. டபுள் டேப்ல ஒட்டினேன். கேப் ஒரு விரல் அகலம் இருக்கும். காத்தடிச்சா டக் டக்னு கொஞ்சம் ஆடும், அது எப்பவும் ஆடுறதுதான், அதனால சொல்லல.

ஊசிநூல் | 8.26

அதுதாங்க முழுக் கதையும்.

அந்த சென்சார் உள்ள ஒரு சின்ன கண்ணாடிக் குழாய் இருக்கும். அதுக்குள்ள ரெண்டு மெல்லிய இரும்பு நாக்கு, ஒண்ணோட ஒண்ணு தொடாம நூல் அளவு விலகி நிக்கும். மேக்னட் கிட்ட வந்தா ரெண்டும் ஒட்டிக்கும், கதவு மூடியிருக்குன்னு அர்த்தம். தள்ளிப்போனா விட்டுடும், உடனே 'திறந்துடுச்சு'ன்னு சிக்னல் போகும். மரக்கதவுல இது பிரச்சனை இல்லாம வேலை செய்யும். இரும்புத் தகட்டு மேல நேரா ஒட்டினா மேக்னட்டோட சக்தியில பெரும்பகுதி தகட்டுக்குள்ளயே ஓடிடும், முன்னாடி வர்றது கொஞ்சம்தான். மரத்துல 15, 20 மில்லிமீட்டர் தாங்குறது இரும்புல பாதியாக்கூட குறைஞ்சுடும். உங்க கேப் ஒரு விரல் அகலம். அந்த நாக்கு ரெண்டும் இப்ப விடவா வேணாமான்னு விளிம்புல நிக்குது. காத்துல கதவு ரெண்டு மில்லிமீட்டர் அசைஞ்சா போதும்.

சந்தேகமா இருந்தா இப்பவே பாருங்க. மேக்னட்ட பேத்து கையில புடிச்சுட்டு சென்சார் பக்கத்துலேருந்து மெதுவா தள்ளிக்கிட்டே போங்க, எந்த இடத்துல லைட் மினுக்குதுன்னு ஸ்கேல் வெச்சு பாருங்க. அடுத்து மேக்னட்டுக்கு பின்னாடி ஒரு இரும்புத் துண்ட வெச்சு அதையே செய்ங்க. முன்னாடியே மினுக்கும்.

சரி பண்றதுக்கு, மேக்னட்டுக்கு அடியில அஞ்சாறு மில்லிமீட்டர் தடிமன்ல மரத்துண்டோ பிளாஸ்டிக்கோ குடுங்க. நிலையும் இரும்புன்னா சென்சாருக்கும் அதே மாதிரி குடுங்க, ரேடியோ சிக்னலும் இரும்புல ஒட்டி இருந்தா பலவீனமாத்தான் போகும். ரெண்டு துண்டும் ஒரே உயரத்துல இருக்கணும், சென்சார்ல ஒரு பக்கம் கோடோ அம்போ போட்டிருக்கும், மேக்னட் அதுக்கு நேரா வரணும். நடு கேப் 5 மில்லிமீட்டருக்குள்ள கொண்டு வாங்க. பெயின்ட்ட ஸ்பிரிட் போட்டு தொடச்சிட்டு ஒட்டுங்க, முடிஞ்சா ஸ்க்ரூ போடுங்க. வெயில் பட்டு தகடு கொதிச்சா டபுள் டேப் எளகி மேக்னட் கீழ எறங்கிடும்.

நிலாமுற்றம் | 8.40

சரி, பல்லி இல்ல, ஒத்துக்கிறேன். ஆனா மோஷன் சென்சார் ஓட்டைய மட்டும் அடச்சு வைங்க, நான் பட்டது நீங்க பட வேணாம்.

மின்கம்பி | 9.02

கட்டை குடுக்குறது சரி. ஆனா கதவு ஆடுறத விட்டுட்டு சென்சார சமாதானப்படுத்துறது வேலை இல்ல தம்பி. தாழ்ப்பாள் போட்டும் ஆடுற கதவுன்னா கம்பி விட்டு நெம்ப இடம் இருக்குன்னு அர்த்தம். தாழ்ப்பாள் விழுற ஓட்டைய கதவு இறுக்கமா உக்கார்ற மாதிரி மாத்தி அடிங்க, நிலையில ரப்பர் ஒட்டுங்க. அலாரம் திருடன் வந்தத சொல்லும், கதவுதான் அவன நிறுத்தும். அப்புறம் பேனல் அடாப்டர கழட்டிட்டு சைரன் அடிக்குதான்னு ஒரு தடவ பாருங்க. கரண்ட் இல்லாத ராத்திரி உள்ள இருக்குற பேட்டரிதான் ஓட்டணும், அது இணைக்காமயே நிறைய பேர் சுவத்துல மாட்டிட்டு போயிடுறாங்க.

விழித்திரு | வெள்ளி, காலை 6.50

பழைய மர ஸ்கேல வெட்டி ரெண்டு அடுக்கா கட்டை குடுத்தேன், கேப் இப்ப 4 மில்லிமீட்டர். புதன், வியாழன் ரெண்டு ராத்திரியும் அடிக்கல, நேத்து நல்ல காத்து வேற, ஹிஸ்டரில பின்கதவு ஒரு தடவகூட இல்ல. தாழ்ப்பாளுக்கு ஞாயித்துக்கிழமை ஆள் வர்றாரு. அம்மா தூங்கிட்டு இருக்காங்க. எல்லாருக்கும் ரொம்ப நன்றி.

ஊசிநூல் | 7.15

ரொம்ப சந்தோசம். நேத்து காத்துல நின்னுதுன்னா இனி நிக்கும். அடாப்டர கழட்டி பாத்தீங்களா? அத பத்தி எழுதவே இல்லையே. அம்மா எழுந்தப்புறம் சொல்லிட்டு செய்ங்க, திடீர்னு சைரன் அடிச்சா திரும்ப பயந்துடுவாங்க.