கூட்டுப்புழு கறுத்துவிட்டது, உயிரோடு இருக்கிறதா? அவசரம்

கொடிமுல்லை:
வணக்கம். புட்டியில் வளர்த்துவந்த புழு கூட்டுப்புழுவாகிச் சில நாள் ஆகிறது. நேற்று வரை நன்றாகத்தான் இருந்தது, இப்போது பார்த்தால் கறுப்பாகிக் கிடக்கிறது. செத்துவிட்டதா? மேலோட்டை வெட்டி வெளியே எடுத்தால் பிழைக்குமா? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள், எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

தும்பி77:
தயவுசெய்து வெட்டாதீர்கள். எந்தச் செடியின் இலையைத் தின்ற புழு? தலைகீழாகத் தொங்குகிறதா, இடுப்பில் ஒரு நூலைக் கட்டிக்கொண்டு சாய்ந்து நிற்கிறதா? மேலே பட்டுநூல் சுற்றியிருக்கிறதா, வெறும் ஓடுதானா? நூல் சுற்றியிருந்தால் பெரும்பாலும் அந்துப்பூச்சி, அதற்குச் சொல்ல வேண்டியதே வேறு.

ஈரமண்:
ஈரப்பதம் போதாமல்தான் இப்படி ஆகும். காலையும் மாலையும் தண்ணீர் தெளியுங்கள், சரியாகிவிடும்.

முதுவரியன்:
செடியின் பெயர் இல்லை, படம் இல்லை, எப்போது தோல் உரித்தது என்றும் இல்லை. ‘கறுப்பு’ என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு என்ன சொல்வது? ஓர் உயிரைப் புட்டிக்குள் வைப்பதற்கு முன்பு அதைப் பற்றிக் கொஞ்சமாவது படித்திருக்க வேண்டும். இந்த அடிப்படையை எத்தனை முறைதான் இங்கே எழுதுவது!

கறுப்பில் வகை உண்டு. ஓடு கண்ணாடி போலத் தெளிந்து, உள்ளே இறக்கையின் நிறமும் புள்ளியும் தெரிந்தால் பூச்சி தயார், ஓரிரு நாளில் வரும். திட்டுத் திட்டாகக் கறுத்து, கொழகொழவென்று ஆகி நாற்றமடித்தால் நோய், அதைச் செடிகளிடமிருந்தும் மற்றப் புழுக்களிடமிருந்தும் அப்புறப்படுத்துங்கள். பழுப்பாகி, விறைத்து, தொட்டாலும் வயிற்றுப்பகுதி அசையவில்லை என்றால் ஒட்டுண்ணியாக இருக்கலாம். ஓட்டிலிருந்து வெள்ளை இழை தொங்கினால் ஈயின் புழுக்கள் துளைத்துக்கொண்டு இறங்கிவிட்டன, பொடித் துளைகள் இருந்தால் குளவி.

கொடிமுல்லை:
எலுமிச்சைச் செடி. பச்சைப் புழு, சீண்டினால் தலைக்குப் பின்னால் இரண்டு கொம்பு நீட்டும், நெடி அடிக்கும். நூல் சுற்றல் இல்லை. போன வாரம்தான் கூட்டுப்புழுவானது. உள்ளே ஏதோ மஞ்சளாகப் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது.

தும்பி77:
அப்படியானால் நல்ல செய்தி! எலுமிச்சை அழகி என்ற வண்ணத்துப்பூச்சியாக இருக்கும். அந்தப் புள்ளிகள் இறக்கையின் செதில்கள்தாம், கடைசி நேரத்தில்தான் நிறம் ஏறும். வெப்பமான காலத்தில் கூட்டுப்புழுப் பருவம் ஒன்று முதல் இரண்டு வாரம், கணக்கும் ஒத்துவருகிறது. பெரும்பாலும் காலையில் வரும். கூட்டுப்புழு குச்சியில் சரியாக ஒட்டியிருக்கிறதா?

ஈரமண்:
எதற்கும் தண்ணீர் தெளித்து வையுங்கள்.

மஞ்சள்வெயில்:
தெளிக்கவும் வேண்டாம், உதவவும் வேண்டாம். பூச்சி தானே போராடி வெளியே வர வேண்டும். அந்தப் போராட்டத்தில்தான் உடம்பிலுள்ள நீர் இறக்கைக்குள் போகிறது. நாம் வெட்டிவிட்டால் அது பறக்கவே பறக்காது.

முதுவரியன்:
மேடையில் தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் சொல்லும் கதை இது, உயிரியல் இல்லை. வெளியே வரும்போது இறக்கை சுருங்கிச் சிறிதாகத்தான் இருக்கும். ஏறித் தொங்கிய பிறகுதான் காற்றை விழுங்கி, வயிற்றைச் சுருக்கி, உடல்நீரை இறக்கை நரம்புகளுக்குள் தள்ளுகிறது. வெட்டக் கூடாது என்பது உண்மை, ஆனால் காரணம் வேறு. கத்தி உள்ளே பட்டுவிடும், நேரம் ஆகாத பூச்சி வெளியே விழுந்துவிடும். மாட்டிக்கொண்டு நிற்கும் பூச்சியும் பல சமயம் முன்பே நோயுற்றது.

மஞ்சள்வெயில்:
உள்ளே எல்லாமே கரைந்து கூழாகிப் புதிதாக உருவாகிறதே, அதுவும் கதையா?

முதுவரியன்:
பாதிக் கதை. நிறைய தசைகள் கரைகின்றன, குடல் மாற்றிக் கட்டப்படுகிறது. ஆனால் இறக்கைக்கும் காலுக்குமான செல் திட்டுகள் புழுவுக்குள் முன்பே இருக்கின்றன. 17ஆம் நூற்றாண்டிலேயே நெதர்லாந்தின் யான் சுவாமர்டாம் புழுவை அறுத்து, தோலுக்கு அடியில் இறக்கையின் தொடக்கத்தைக் காட்டினார். 2013இல் உயிரோடு இருக்கும் கூட்டுப்புழுவை எக்ஸ்ரே கொண்டு அடுக்கடுக்காகப் படமெடுத்தார்கள், மூச்சுக்குழல்கள் கரையாமல் அப்படியே தெரிந்தன.

தும்பி77:
மூளையும் முழுதாக அழிவதில்லை. புகையிலைப் புழுக்களுக்கு ஒரு வாசனையைக் காட்டி மின்னதிர்ச்சி கொடுத்துப் பழக்கினார்கள், அந்த ஆய்வு 2008இல் வெளிவந்தது. ஐந்தாம் பருவத்தில் (ஒரு தோலுரிப்புக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட காலம் ஒரு பருவம்) பழகிய புழுக்கள் அந்துப்பூச்சியான பிறகும் அந்த வாசனையைத் தவிர்த்தன. மூன்றாம் பருவத்தில் பழகியவற்றுக்கு அது தங்கவில்லை. எனக்கு இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது.

மஞ்சள்வெயில்:
பட்டுப்பூச்சி மட்டும் போராடாமலா கூட்டைக் கிழித்துக்கொண்டு வருகிறது?

முதுவரியன்:
கிழிப்பதில்லை. வாயிலிருந்து ஒரு நொதியைச் சுரந்து பட்டிழைகளைப் பிணைக்கும் பசையை இளக்கி, இழைகளை விலக்கிக்கொண்டு வருகிறது. கேள்வி எலுமிச்சை அழகியைப் பற்றி. அங்கே வாருங்கள்.

கொடிமுல்லை:
குச்சியில் இல்லை. புட்டியின் அடியில் கிடக்கிறது, விழுந்துவிட்டது போல. மூடி போட்டிருக்கிறேன்.

தும்பி77:
இதுதான் முக்கியம்! மூடியை எடுத்துவிட்டு மேலே வலைத்துணி கட்டுங்கள். கண்ணாடிச் சுவரில் வெளியே வரும் பூச்சியின் கால் பிடிக்காது, வழுக்கி விழுந்தால் இறக்கை சுருங்கியபடியே இறுகிவிடும். சொரசொரப்பான காகிதத்தையோ துணியையோ உள்சுவர் முழுக்க அடியிலிருந்து மேல் வரை ஒட்டி, கூட்டுப்புழுவை அதன் காலடியில் படுக்க வையுங்கள். ஏறித் தொங்க இடம் இருந்தால் போதும், திரும்பக் கட்டிவிட வேண்டியதில்லை. இனி கையால் தொட வேண்டாம்.

ஈரமண்:
கீழே நனைந்த பஞ்சு வைத்தால் நல்லது.

முதுவரியன்:
வேண்டாம், மூடிய புட்டியில் பூஞ்சைதான் வரும். காகிதம் ஒட்டுவது சரி, இன்றே செய்துவிடுங்கள்.

தும்பி77:
கொடிமுல்லை, என்ன ஆயிற்று?

கொடிமுல்லை:
வந்துவிட்டது! காகிதத்தில் ஏறித் தொங்குகிறது, இறக்கை இரண்டு பக்கமும் விரிந்துவிட்டது. ஆனால் கீழே செம்பழுப்பாக ஏதோ சொட்டியிருக்கிறது, ரத்தமா?

தும்பி77:
ரத்தம் இல்லை. கூட்டுப்புழுவாக இருந்தபோது சேர்ந்த கழிவு, எல்லா வண்ணத்துப்பூச்சியும் வந்தவுடன் வெளியேற்றும். உறிஞ்சுகுழலைச் சுருட்டிச் சுருட்டி நீட்டுகிறதா பாருங்கள், இரண்டு பாதியாக இருப்பதை ஒன்றாகப் பொருத்திக்கொண்டிருக்கும். இறக்கை இறுகச் சில மணி நேரம் விடுங்கள். பிறகு வலையைத் திறந்து பூவுள்ள செடிக்குப் பக்கத்தில் வைத்தால் தானே போய்விடும்.