ஏழாவது கட்டடத்தைத் தீ மட்டுமே வீழ்த்தியதா?

காரைக்குடி வாசகர்:
2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்களோடு, விமானமே மோதாத 47 மாடிக் கட்டடமான உலக வணிக மையத்தின் ஏழாவது கட்டடமும் மாலை 5.20 மணியளவில் சரிந்தது. உள்ளே எரிந்த அலுவலகத் தீயே காரணம் என்று அமெரிக்க அரசின் தரநிலை, தொழில்நுட்ப ஆய்வு நிறுவனமான என்.ஐ.எஸ்.டி. 2008-இல் அறிவித்தது. பழைய செட்டிநாட்டு வீடுகளைப் பிரித்து மரத்தையும் இரும்பையும் எடுக்கும் தொழில் செய்பவன் நான். ஒரே ஓர் இரும்பு உத்தரத்தை இறக்கவே முட்டுக் கொடுத்துப் படாதபாடு படுகிறோம். இரும்பு உருகச் சுமார் 1,500 பாகை வெப்பம் வேண்டும், அலுவலகத் தீயோ அதை எட்டாது. பிறகு எப்படி அத்தனை பெரிய கட்டடம் சாயாமல் நேராகக் கீழிறங்கும்? வெடி வைத்துத் தகர்த்தார்களோ என்ற சந்தேகம் வராதா?

தேவகோட்டைப் பொறியாளர்:
ஐயா, இரும்பு உருக வேண்டியதில்லை. 600 பாகையிலேயே அதன் வலிமை ஏறத்தாழப் பாதியாகிவிடும். அதற்கு முன்பே அது நீளத் தொடங்கிவிடும். 15 மீட்டர் உத்தரம் 600 பாகை சூடேறினால் சுமார் 11 சென்டிமீட்டர் நீளும். தண்ணீர்க் குழாய்கள் உடைந்து தீயணைப்புத் தெளிப்பான்கள் செயலிழந்த நிலையில், தீ ஏறக்குறைய ஏழு மணி நேரம் எரிந்தது. நீண்ட உத்தரங்கள் 13-ஆம் தளத்தில் ஒரு பெரிய விட்டத்தை அதன் இருக்கையிலிருந்து தள்ளிவிட்டன, தளங்கள் அடுக்கடுக்காக விழுந்தன, பிடிமானம் இழந்த 79-ஆம் எண் உட்புறத் தூண் வளைந்தது என்பதே அறிக்கையின் வாதம்.

புதுவயல் வாசகர்:
அறிக்கையை அப்படியே நம்பச் சொல்கிறீர்களா? தடையற்ற வீழ்ச்சி, அதாவது கீழே தாங்க எதுவுமே இல்லாததுபோல் விழுவது, நிகழவில்லை என்று ஆகஸ்டு வரைவில் சாதித்தவர்கள், இயற்பியல் ஆசிரியர் ஒருவர் கேள்வி எழுப்பிய பின், 2.25 விநாடிகள் அது நிகழ்ந்ததை நவம்பரில் ஒப்புக்கொண்டார்கள். சரிவைக் கணக்கிட்ட கணினி மாதிரியின் உள்ளீடுகள் சிலவற்றைப் பொதுமக்கள் பாதுகாப்பு என்ற பெயரில் தர மறுத்தார்கள். தீ காரணமல்ல என்று அலாஸ்கா பல்கலைக்கழக ஆய்வு 2020-இல் கூறியது.

தேவகோட்டைப் பொறியாளர்:
உள்ளீடுகளைத் தர மறுத்தது எனக்கும் ஏற்புடையதன்று. அலாஸ்கா ஆய்வுக்குப் பணம் கொடுத்தது, இந்தச் சந்தேகத்தையே பரப்புரையாகக் கொண்ட அமைப்பு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். காணொளியில் கூரையின் கிழக்கு மூலையைப் பாருங்கள்: வெளிச்சுவர் இறங்குவதற்குச் சில விநாடிகள் முன்பே அங்கிருந்த மேலறை உள்ளே அமிழ்ந்துவிடுகிறது. உட்புறம் முன்னரே சரிந்துவிட்டதால், எஞ்சிய வெளிக்கூட்டின் தூண்கள் ஏறத்தாழ எட்டு மாடி உயரத்திற்கு வளைந்தபோது தாங்க எதுவும் இல்லை, அந்த 2.25 விநாடிகளுக்கு அதுவே விளக்கம். மாறாக, அந்தத் தூணை வெடி வைத்து அறுத்திருந்தால் அரை மைலுக்கு அப்பாலும் காது அடைக்கும் ஓசை பதிவாகியிருக்கும். எந்த ஒலிப்பதிவிலும் அத்தகைய ஓசை இல்லை.

காரைக்குடி வாசகர்:
மேலறையை நான் கவனித்ததே இல்லை. ஆனாலும், அந்த உள்ளீடுகளை வெளியிட்டால் இந்த விவாதத்தில் பாதி அடங்கிவிடும் என்றே எனக்குத் தோன்றுகிறது.