புதுப்பிப்பு: தடித்த இதயத் தசையும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனும் – மாமாவுக்குக் கைகொடுத்தது எது

தடித்த இதயத் தசை உள்ள மாமாவுக்குத் துடிப்பு தாறுமாறானபோது (இதுதான் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்), “பக்கவாத ஆபத்தைக் கணிக்கும் சாட்ஸ்-வாஸ்க் மதிப்பெண் 1தானே, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை அவசியமா?” என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

அவசியம்தான். இந்த நோயில் அந்த மதிப்பெண்ணை நம்பக் கூடாது என்று தாதி ஒருவர் இங்கே எழுதியதையே இதய மருத்துவரும் சொன்னார். விறைத்த தசையால் இடது மேலறை விரிந்து ரத்தம் தேங்கும். மதிப்பெண் 0 என்றாலும் பக்கவாத ஆபத்து உண்டு. அதனால் ரத்தம் உறையாமல் தடுக்கும் அபிக்ஸபான் 5 மி.கி., காலை ஒன்று, இரவு ஒன்று. துடிப்பைச் சீராக்க மின் அதிர்ச்சி (ஷாக்) கொடுக்குமுன் 3 வாரம் ஒரு வேளைகூட விடக்கூடாது. விட்டுப்போனால், உள்ளே ரத்தக்கட்டி இல்லை என்று உணவுக்குழாய் வழி எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஷாக். துடிப்பு இப்போது சீராகிவிட்டது, ஆனாலும் அபிக்ஸபானை நிறுத்தவில்லை; நிறுத்தவும் கூடாது.

துடிப்பு வேகத்தைக் குறைக்கும் டிகாக்சின் மருந்து வேண்டாம் என்று பதில்களில் வந்த எச்சரிக்கையும் சரி. மாமாவைப் போல ரத்தம் வெளியேறும் பாதை குறுகியவர்களுக்கு அது அடைப்பைக் கூட்டும். துடிப்பு வேகத்தைக் குறைக்க பிசோப்ரோலால் தொடர்கிறது, துடிப்பு மறுபடி குலையாதிருக்க அமியோடரோன்.

யாரும் சொல்லாதது ஒன்று: பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) வாங்கும் கொழுப்பு மாத்திரை சிம்வாஸ்டாட்டின் 40 மி.கி. அமியோடரோன் எடுப்பவருக்கு அது 20 மி.கி.யைத் தாண்டினால் தசை சிதையலாம். மருந்தாளர் கண்டுபிடித்து ரோசுவாஸ்டாட்டின் என்ற வேறு கொழுப்பு மாத்திரைக்கு மாற்ற வைத்தார். இரண்டு இடத்தில் மருந்து வாங்குபவர்கள் மொத்தப் பையையும் காட்டிவிடுங்கள். அமியோடரோன் எடுப்பதால் தைராய்டு, ஈரல் சோதனை 6 மாதத்துக்கு ஒருமுறை. கிரேப்ஃப்ரூட் கூடாது. நம்மூர் வெயிலுக்கு முழுக்கைச் சட்டை, சன்ஸ்கிரீன்.