‘லயத்துச் சொந்தங்கள்’ குழு: நம்ம பூட்டன் எந்த ஊரு?

ஞாயிறு

பிரியா (கோவை): கார்த்தி கல்யாணப் பத்திரிகை அடிக்கக் குடுக்கணும். மேல யார் துணைன்னு போடுறது? பொண்ணு வீட்ல நம்ம குலதெய்வத்தோட பேரு, ஊரு ரெண்டும் கேக்குறாங்க.

சித்தப்பா (கோத்தகிரி): சமயபுரம் மாரியம்மன் துணை. உங்கப்பா கல்யாணத்துக்கும் அதான் போட்டோம்.

ராணி அத்தை (ஹட்டன், இலங்கை): தம்பி, அது நீங்க இந்தியா போன பொறகு புடிச்ச சாமி. அப்பாயி லயத்துக்கு (தோட்டத்து லைன் வீட்டுக்கு) பின்னால தேயிலை ஓரமா கல்லு நட்டுக் கும்புட்டது கருப்பனை. சேவல் அறுத்தது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.

சித்தப்பா: இருக்கலாம்க்கா. நான் அப்ப சின்னப் பய.

பிரியா: அப்ப ஊரு?

ராணி அத்தை: அப்பாயி திருச்சி ஜில்லான்னு சொல்லும். அதுக்கு மேல அப்பாவுக்கே தெரியாது. அவரு பொறந்ததே இங்க தோட்டத்துலதான்.

சித்தப்பா: பத்திரிகையில ‘குலதெய்வம் துணை’ன்னு மட்டும் போட்டுரு. பாதிப் பேரு அப்படித்தான் போடுறாங்க.

பிரியா: பத்திரிகைக்கு அது போதும் சித்தப்பா. ஆனா பூட்டன், அதாவது தாத்தாவோட அப்பா, எங்கிருந்து கப்பல் ஏறினாருன்னு தெரிஞ்சுக்க ஒரு வழியும் இல்லையா?

கார்த்தி (சிங்கப்பூர்): இருக்குக்கா. ஃபேமிலிசர்ச்னு ஒரு தளம், காசு கிடையாது. அதுல ஆரம்பிச்சு எங்கெங்கயோ போய் நேட்டால் கப்பல் பட்டியலைப் புடிச்சிட்டேன். பூட்டன் பேரு முனியாண்டிதானே? திருச்சி ஜில்லா முனியாண்டி ஒருத்தர் இருக்காரு! அப்பா பேரு, வயசு, கிராமம், உடம்புல இருக்கிற தழும்பு வரைக்கும் எழுதி வச்சிருக்கான்.

மாமா (திருச்சி): மாப்ள, நேட்டால் தென்னாப்பிரிக்கா. அங்க ஆள் போனது 1860ல இருந்து 1911 வரைக்கும், ஒன்றரை லட்சம் பேருக்கு மேல. அதுல முனியாண்டி மட்டும் நூத்துக்கணக்குல இருப்பாங்க. உங்க பூட்டன் போனது சிலோன்.

கார்த்தி: சரி மாமா, அதே மாதிரி சிலோன் பட்டியல் எங்க இருக்கு?

மாமா: இல்ல. அதான் விஷயமே. நேட்டால், மொரீஷியஸ், பிஜிக்குப் போனவங்க ஒப்பந்தக் கூலிங்க. அஞ்சு வருஷ ஒப்பந்தம், சர்க்கார் கண்காணிப்பு. அதனால ஆளுக்கொரு நம்பர், ஆளுக்கொரு பதிவு. மொரீஷியஸ்ல மோக்காங்கிற ஊர்ல மகாத்மா காந்தி நிறுவனத்துல அந்தப் பதிவேடெல்லாம் போட்டோவோட இன்னிக்கும் இருக்கு. சிலோனுக்குப் போனது கங்காணி கூட. கங்காணி சொந்த ஊருக்கு வந்து, முன்பணம் குடுத்து, தெரிஞ்சவன் சொந்தக்காரன்னு கும்பலா கூட்டிட்டுப் போவான். கழுத்துல ஒரு தகர வில்லையைக் கட்டி விட்டாங்க. அதுல எந்தத் தோட்டத்துக்குப் போகணுங்கிற நம்பர்தான் இருக்கும், ஆள் பேரு இருக்காது.

ராணி அத்தை: பார்சலுக்கு ஒட்டுற மாதிரி.

மாமா: அதேதான்க்கா. ஆள் சேர்த்த சிலோன் லேபர் கமிஷனுக்குத் தலைமை ஆபீஸே நம்ம திருச்சியிலதான் இருந்துச்சு. அப்படி இருந்தும் முனியாண்டி எந்தத் தெருவுல இருந்து போனாருன்னு அதை வச்சு சொல்ல முடியாது.

கார்த்தி: டிஎன்ஏ டெஸ்ட் எடுத்தா? எச்சில் குப்பியில துப்பி அனுப்பினா போதும்.

மாமா: அதே கம்பெனிக்கு எச்சில் அனுப்பின தூரத்துச் சொந்தம் யாராவது இருந்தா மாட்டும். ஊரு பேரு எச்சில்ல வராது மாப்ள.

பிரியா: 😂 அப்ப எங்க ஆரம்பிக்கிறது மாமா?

மாமா: இன்டர்நெட்டை மூடிட்டு டிரங்குப் பெட்டியைத் தொறங்க. மச்சான், சிலோன்ல இருந்து திரும்பினப்ப குடுத்த குடும்ப அட்டை இருக்கா?

சித்தப்பா: இருக்கு மாப்பிள்ளை. தாயகம் திரும்பினவங்களுக்கான ரெப்கோ பேங்க்ல மெம்பராகும்போது ஜெராக்ஸ் குடுத்தேன். அசல் அப்பா பாஸ்போர்ட்டோட பிளாஸ்டிக் கவர்ல இருக்கு. நாளைக்குப் போட்டோ எடுத்துப் போடுறேன்.

மாமா: தொலைச்சவங்களுக்கும் அது ஒரு வழிதான். தாயகம் திரும்பியோர்னு காட்டி எதையாவது வாங்கியிருப்பாங்க, லோன், டேன்டீ (தமிழ்நாடு அரசு தேயிலைத் தோட்டம்) வேலை, காலேஜ் சீட்டு. குடுத்த இடத்துல நகல் கிடக்கும்.

திங்கள்

சித்தப்பா: [படம்] [படம்]

சித்தப்பா: குடும்ப அட்டை, கண்டியில இருந்த இந்திய உதவி ஹைகமிஷன்ல குடுத்தது. அப்பா, அம்மா, அண்ணன், நான், சின்னத் தங்கச்சி ஒரே போட்டோவுல. அக்கா இல்ல, அதுக்குள்ள கல்யாணமாகி அவங்க வீட்ல சிலோன் குடியுரிமைக்கு எழுதியிருந்தாங்க.

கார்த்தி: ஒரே வீட்ல எப்படி ரெண்டு நாடு?

மாமா: 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கையும் இந்தியாவும் தோட்டத்து ஜனங்களைப் பங்கு போட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் ஒன்றரை லட்சத்தை 1974ல ஆளுக்குப் பாதின்னு பிரிச்சாங்க. எந்த ஊரு ஆளு, எத்தனை தலைமுறையா இருக்கேன்னு ஆளாளுக்குக் கேட்டுக் கேட்டு எழுதினாங்க. அன்னிக்கு அது ரோதனை. ஆனா நம்ம வீட்டுப் பேரெல்லாம் ஒழுங்கா எழுதி வச்சது அந்தப் பேப்பர்ல மட்டும்தான்.

பிரியா: பாஸ்போர்ட்ல இந்திய விலாசம்னு ஒரு வரி இருக்கு பாருங்க. பெரிசாக்கிப் பாத்தேன். ‘கண்’ணுன்னு ஆரம்பிக்குது, நடுவுல ராமேஸ்வரம் முத்திரை, மசி ஊறிப் போயிருக்கு. கடைசியில ‘முசிறி தாலுகா, திருச்சி ஜில்லா’.

சித்தப்பா: தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரத்துல இறங்கினப்ப குத்தினது. ஓங்கிக் குத்தியிருக்கான்.

மாமா: சபாஷ். தாலுகா கெடைச்சிருச்சு, அதுவே பெரிய விஷயம். ராணியக்கா, உங்க கிட்ட பழைய பேப்பர் ஏதாவது?

ராணி அத்தை: [குரல் பதிவு 1:40]

பிரியா: அத்தை பேசினதை எழுதுறேன், சித்தப்பாவுக்குக் காது சரியாக் கேக்காது: “காம்பராவுல (லயத்து ரூம்) அப்பாவோட தகரப் பொட்டி இன்னும் இருக்கு. அதுல டைப் அடிச்ச தாள் ஒண்ணு இருக்கு, தாத்தா ரேகை வச்சது. இந்தியர் பாகிஸ்தானியர் சட்டத்துல பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டதாம். அது கெடைக்கல, தள்ளிட்டாங்க. எம் மருமக இங்கிலீஷ்ல படிக்கும், சாயந்தரம் எடுத்து அனுப்பச் சொல்றேன்.”

மாமா: அக்கா, அது தங்கம்! 1948ல குடியுரிமைச் சட்டம் வந்து தோட்டத்து ஜனங்கள்ல கிட்டத்தட்ட எல்லாரையும் நாடில்லாதவங்களா ஆக்கிட்டாங்க. அடுத்த வருஷம் இந்தச் சட்டம். 1946க்கு முன்னாடி தொடர்ந்து, கல்யாணமானவங்கன்னா ஏழு வருஷம், தனியாள்னா பத்து வருஷம் இங்கயே இருந்தேன்னு நிரூபிக்கணும். அதுக்காக எங்க பொறந்தேன், எப்ப வந்தேன்னு சத்தியக் கடுதாசி எழுதியிருப்பாங்க.

செவ்வாய்

ராணி அத்தை: [படம்] [படம்]

பிரியா: அத்தை, ரெண்டாவது பக்கம் தலைகீழா வந்திருக்கு. பரவாயில்ல, திருப்பிட்டேன்.

பிரியா: இருக்கு!!! “முனியாண்டி, தகப்பனார் பெரியசாமி, பிறந்த இடம் கனனூர், முசிறி தாலுகா.” இங்கிலீஷ்ல ஒரு ‘n’ கொறையுது, டைப் அடிச்சவன் விட்டிருப்பான்.

கார்த்தி: கண்ணனூர்! கூகுள் மேப்ல சமயபுரம் காட்டுது.

சித்தப்பா: அப்ப நான் சொன்னதுதான் சரி! சமயபுரத்துக்குக் கண்ணனூர்னுதான் பேரு. சமயபுரத்தாளைக் கண்ணனூர் மாரின்னுதானே பாடுறாங்க.

மாமா: மச்சான், அவசரப்படாதீங்க. ச.கண்ணனூர் பேரூராட்சிங்கிறது சமயபுரம்தான். ஆனா அது முசிறி தாலுகா கிடையாது. துறையூர்ப் பக்கம் இன்னொரு கண்ணனூர் இருக்கு. துறையூர் இப்பதான் தனித் தாலுகா, அந்தக் காலத்துல முசிறிக்குள்ள இருந்துச்சு. ஊரு பேரை விட தாலுகாவைத்தான் நம்பணும். தமிழ்நாட்டுல ஒரே பேர்ல பத்து ஊரு இருக்கும்.

சித்தப்பா: இப்ப ஒண்ணு ஞாபகம் வருது. கப்பல்ல வந்தவங்களைத் தங்க வச்ச மண்டபம் கேம்ப்ல இருந்து வந்து திருச்சி பஸ் ஸ்டாண்ட்ல எங்களை மூட்டை முடிச்சோட உக்கார வச்சிட்டு, அப்பா கண்ணனூருக்கு எந்த பஸ்ஸுன்னு விசாரிச்சாரு. சமயபுரம் வண்டியில ஏத்தி விட்டாங்க. கோயிலைப் பாத்ததும் அங்கயே மொட்டை போட்டுக்கிட்டாரு. வேற யாரையும் போய்ப் பாத்த மாதிரி இல்ல.

ராணி அத்தை: பாவம் அப்பா.

பிரியா: அவரும் சொந்த ஊரைக் கண்ணால பாக்காதவருதானே.

கார்த்தி: அப்ப துறையூர் கண்ணனூர்ல பெரியசாமி பேர்ல பட்டா தேடலாமா? அரசு தளத்துல ‘அ’ பதிவேடு பாக்கலாம்.

மாமா: அதுல இருக்கிறது இப்போதைய பட்டாதாரர் பேரு. 1980கள்ல யுடிஆர்னு நிலவரித் திட்டத்துல எல்லாத்தையும் புதுசா எழுதினாங்க. அதுக்கு முந்தின செட்டில்மெண்ட் (நிலவரி) பதிவேடு தாலுகா ஆபீஸ்ல இருக்கலாம், இல்லாட்டி எழும்பூர்ல தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துல மனுப் போட்டுப் பாக்கணும். இன்னொரு சிக்கல். துறையூர்ப் பக்கம் ஜமீன். ஜமீன் கிராமமா இருந்தா 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்கு அப்புறம்தான் சர்க்கார் செட்டில்மெண்டே வந்திருக்கும். உங்க பூட்டன் அதுக்கு வெகு காலம் முன்னாடியே கப்பல் ஏறிட்டாரு.

ராணி அத்தை: நெலம் இருந்தா எதுக்கு மாப்பிள்ளை கங்காணி பின்னால போகணும்? கூலிக்காரன் பேரு நெலப் பொஸ்தகத்துல எப்படி இருக்கும்?

மாமா: 🙏 இத்தனை வருஷம் தாலுகா ஆபீஸ்ல குப்பை கொட்டினேன், இதை யாரும் இப்படிக் கேட்டதில்ல.

பிரியா: அப்ப?

மாமா: கோயில் நோட்டு. ஊர்த் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வசூல் பண்ணுவாங்க, வீட்டுக்கு ஒரு ஆம்பளை பேரு. நெலம் இருக்கோ இல்லையோ, தலைக்கட்டுல பேரு உண்டு. பூசாரி வீட்டுப் பரண்ல பழைய நோட்டு கெடந்தாலும் கெடக்கும். ஊரை விட்டுப் போனவங்க வாரிசு வந்தா வரியக் கட்டிச் சேந்துக்கலாம்.

மாமா: அதுக்கு முன்னாடி ராணியக்காவைக் கேக்குறேன். உங்க தாத்தாவைக் கூட்டிட்டு வந்த கங்காணி யாரு, அவரு பிரட்டுல, அதாவது அவர் வேலைக் கும்பல்ல, வேற எந்தக் குடும்பம் இருந்துச்சு? கங்காணி ஆள் புடிச்சது அவரோட சொந்த ஊருல, சுத்துப்பட்டுல. ஒரு குடும்பத்துக்கு ஊரு தெரிஞ்சா எல்லாருக்கும் தெரிஞ்ச மாதிரி.

ராணி அத்தை: கங்காணி வீட்டு ஆளுக கொழும்புக்குப் போயிட்டாங்க, தொடர்பு இல்ல. ஆனா எங்க லயத்துல மூணாவது காம்பரா, நாங்க மாமன் முறை வச்சுக் கூப்புடுவோம். அவுக அம்மாவும் அப்பாயியும் ஒரே பேச்சுப் பேசுவாக. அவுகளும் 74ல இந்தியா போனாக. கூடலூர்ப் பக்கம்னு கேள்வி.

சித்தப்பா: நெல்லியாளம் டேன்டீ! நான் அவர் பையனைப் பாத்திருக்கேன், யூனியன் மீட்டிங்ல. நம்பர் வாங்குறேன்.

கார்த்தி: அத்தை, உங்க பிறப்புச் சான்று இருந்தா அதையும் எடுங்க. தாத்தா இலங்கையில பொறந்திருந்தா அவரு பேரு, வருஷம், இடம் எழுதவே இலங்கைச் சான்றுல ஒரு கட்டம் இருக்காமே.

ராணி அத்தை: பொறப்புப் பத்திரத்துல அந்தக் கட்டம் வெறுமையா கோடு போட்டுக் கெடக்கு. தாத்தா அங்க பொறந்தவரு, அதனால எழுதல. அப்பாவோடதுக்கு ஏ.ஜி.ஏ கந்தோர்ல (இப்ப பிரதேச செயலகம்) தேடச் சொல்லி எழுதிக் குடுக்கலாம். வருஷம் சரியாத் தெரியாம குடுத்தா அலைய விடுவாங்க, சுமாரா ரெண்டு மூணு வருஷம் போட்டுக் குடுக்கணும்.

பிரியா: அத்தை, கம்பளைப் பக்கம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம்னு ஒண்ணு இருக்காம். போனா எனக்குப் படம் எடுத்து அனுப்புங்க. நான் இங்க ‘நூலகம்’ங்கிற இணையதளத்துல மலையகப் புத்தகமெல்லாம் இறக்கிட்டு இருக்கேன், ஸ்கேன் பண்ணி இலவசமா வச்சிருக்காங்க. நம்ம தோட்டம் பேரு எதுலயாவது வருதான்னு பாக்குறேன்.

ராணி அத்தை: இங்கிலீஷ் பேரு போட்டுத் தேடு பிள்ள. நம்ம ஆளுக சொல்ற தோட்டப் பேரு வேற, தொர (தோட்ட மேனேஜர்) எழுதுற பேரு வேற.

வியாழன்

சித்தப்பா: கூடலூர்க்காரரைப் புடிச்சிட்டேன். அரை மணி நேரம் பேசினாரு. அவங்க துறையூர் கண்ணனூர்தானாம்! சிவராத்திரிக்கு வருஷா வருஷம் போறாங்களாம்.

கார்த்தி: டேய்ய்ய்ய் சூப்பர்!! (சாரி சித்தப்பா, சந்தோஷத்துல வந்துருச்சு)

மாமா: சிவராத்திரியா, நல்லதாப் போச்சு. அன்னிக்குத்தான் பங்காளிங்க எல்லாரும் ஒரே இடத்துல இருப்பாங்க. பெரியசாமி மகன் முனியாண்டி சிலோன் போனாருன்னு நாலு கெழவங்க காதுல போட்டா போதும். பிரியாம்மா, சத்தியக் கடுதாசியை ஜெராக்ஸ் எடுத்துக்க. அசலை யார் கேட்டாலும் குடுக்காத.

சித்தப்பா: ஒண்ணு கேட்டாரு அவரு. அங்க கருப்பு ரெண்டாம். ஏரிக்கரையில ஒண்ணு, ஊருக்கு மேக்கால ஒண்ணு. ரெண்டுக்கும் பங்காளிங்க வேற வேற. நம்ம அப்பாயி கும்புட்டது எதுன்னு தெரிஞ்சா நேரா அங்க போலாம்னாரு.

பிரியா: ராணி அத்தை, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அந்தக் கல்லுப் பக்கத்துல என்ன நட்டு வச்சிருந்தாங்க? வேலா, அருவாளா?

ராணி அத்தை: அருவா. மரத்துல செஞ்ச அருவா, சுண்ணாம்பு பூசியிருக்கும். கெடா வெட்டமாட்டாங்க, சேவல் மட்டும்தான். பொம்பளைக பொங்கலைத் திங்கக் கூடாதுன்னு அப்பாயி எங்களை வெரட்டும்.

சித்தப்பா: பொங்கல் வெவரம் போதும்க்கா, அதை வச்சே சொல்லிருவாரு. இப்பவே போன் போடுறேன்.