மறு: டிஃபிதாத்தியோ: 'ராஜத்துரோகம்' பொருந்தாது

நண்பர்களுக்கு வணக்கம்.

டிஃபிதாத்தியோ (diffidatio) என்ற இடைக்கால இலத்தீன் சொல்லுக்கு நம் கலைச்சொல் பட்டியலில் தமிழ்ச்சொல் தேடுகிறோம். இதுவரை வந்த பரிந்துரைகள் மூன்று: ராஜத்துரோகம், விசுவாச முறிவு, போர் அறிவிப்பு. மூன்றையும் மறுக்கத்தான் இந்த மடல், பொறுத்தருள்க.

இடைக்கால ஐரோப்பாவில் நிலம் பெறுபவன் மண்டியிட்டு, கூப்பிய கைகளைப் பிரபுவின் கைகளுக்குள் வைத்து அவனுடைய ஆளாவான். அந்தப் பிணைப்பைச் சொல்லிவிட்டு அறுப்பது டிஃபிதாத்தியோ. சொன்ன பிறகு வாளெடுத்தால் போர். சொல்லாமல் எடுத்தால்தான் துரோகம். எந்தப் பழிக்கு அஞ்சி ஓலை அனுப்பினார்களோ, அந்தப் பழியையே நாம் பெயராகச் சூட்டலாமா?

இன்னொன்று, அறுப்பவர் எப்போதும் கீழே இருப்பவரும் அல்லர். 1264 மே மாதம், இங்கிலாந்தின் லூயிஸ் நகரம். அரசரை எதிர்த்த பாரன்களின் (பெருநிலப் பிரபுக்களின்) தலைவர் சைமன் டி மான்ட்ஃபோர்ட்டும் கூட்டாளிகளும் அரசர் மூன்றாம் ஹென்றிக்குக் கடிதம் எழுதுகிறார்கள். 'நாங்கள் உங்களுக்கு உண்மையானவர்கள். எங்கள் பகை உங்களைச் சூழ்ந்திருக்கும் தீய ஆலோசகர்களோடுதான்' என்பது அதன் சாரம். மே 13 அன்று பிணைப்பை அறுத்துப் பதில் அனுப்பியவர் ஹென்றி. இளவரசர் எட்வர்டும் அரசரின் தம்பி ரிச்சர்டும் தனியே ஒரு சவால் கடிதம் விடுத்தார்கள். மறுநாள் போர், அரசர் தோற்றுச் சிறைப்பட்டார். அரசரே அனுப்பிய ஓலையை 'ராஜத்துரோகம்' என்று மொழிபெயர்த்தால் வாசகர் தலையைச் சொறிவார்.

'விசுவாச முறிவு' கொஞ்சம் நெருங்கி வருகிறது. ஆனால் விசுவாசம் என்றதும் நமக்குத் தேவாலயமும் வீட்டு நாயும்தான் நினைவுக்கு வருகின்றன. 'முறிவு' என்பதும் தானாக நேர்வது. லூயிஸ் போருக்குச் சில மாதங்கள் முன்பு குதிரையிலிருந்து விழுந்த மான்ட்ஃபோர்ட்டின் காலுக்கு நேர்ந்தது முறிவு. ஹென்றி கடிதத்தில் செய்தது முறிப்பு. 'போர் அறிவிப்பு' இரண்டு நாடுகளுக்கு இடையிலும் நடக்கும். அதில் பழைய பிணைப்பின் வாடையே இல்லை.

என் பரிந்துரை: கையடை முறிப்பு.

'கையடை' நம்மிடம் உள்ள சொல்தான். கம்பனில் தசரதன் இராமனை விசுவாமித்திரரிடம் ஒப்படைக்கும் பகுதிக்குக் கையடைப் படலம் என்றே பெயர். ஒப்படைத்தவருக்கு நம்பிக்கை, பெற்றவருக்குக் காக்கும் கடமை. இரண்டும் அதில் உண்டு. பாரன் ஒப்படைப்பது பிள்ளையை அல்ல, தன்னையே, அவ்வளவுதான் வேறுபாடு. கைக்குள் கை அடைபடும் அந்தச் சடங்கும் சொல்லிலேயே தெரிகிறது. அனுப்பும் கடிதத்தை 'முறிப்போலை' எனலாம். வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: 'ஹென்றி பாரன்களின் கையடையை முறித்து ஓலை விடுத்தார்.' இடறவில்லை.

இலத்தீன் வேர் 'நம்பிக்கை'தானே, கை எங்கிருந்து வந்தது என்று யாரேனும் கேட்பீர்கள். வேரைப் பெயர்த்து நடுவதைவிட நடந்த செயலைப் பெயராக்குவது மேல் என்பது என் கட்சி.

மான்ட்ஃபோர்ட்டின் படைக்குச் சொல்லப்படும் 'கலகப் படை' என்ற சொல்லையும் இதே கையோடு பார்த்துவிடுவோம். 1265 ஆகஸ்ட் 4, ஈவ்ஷம். ஏவன் ஆற்றின் வளைவுக்குள் எட்வர்டின் படை மான்ட்ஃபோர்ட்டை மடக்கியது. கைதியான ஹென்றி அப்போது நின்றது மான்ட்ஃபோர்ட்டின் அணியில்! தன்னை மீட்க வந்தவர்களாலேயே காயம்பட்டு, 'நான்தான் அரசன்' என்று கத்தித் தப்பினார். அரசர் உள்ளே நிற்கும் படை கலகப் படையா? அங்கு 'மான்ட்ஃபோர்ட் அணி' என்று எழுதுவதே நேர்மை. பகைவர்கள் அவருடைய தலையையும் கைகால்களையும் வெட்டிப் பிரித்தார்கள். 'துரோகி' என்பது வென்றவர்கள் வைத்த பெயர். கலைச்சொல் பட்டியல் அதை வழிமொழிய வேண்டியதில்லை.

பாரன் பாரனாகவே இருக்கட்டும். 'குறுநில மன்னர்' வேண்டாம், அவர்கள் முடி சூடியவர்கள் அல்லர். கையடைக்குப் பின் திருப்பொருள்மீது கைவைத்துச் செய்யும் சத்தியத்துக்குச் 'சூள்' போதுமா, 'சூளுறவு' வேண்டுமா என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை. சங்க இலக்கியம் படித்தவர்கள் சொல்லுங்கள்.