கலைச்சொல்: ‘ஃபால்ஸ் பாசிட்டிவ்’ = வீண்தடை?

வணக்கம். தாக்குதல் அல்லாத ஒன்றைப் பாதுகாப்பு அமைப்பு தாக்குதல் என்று எடுத்துக்கொண்டு தடுப்பதை ஆங்கிலத்தில் ‘ஃபால்ஸ் பாசிட்டிவ்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம். ஒருவர் கேட்டிருந்தார்:

> ‘பொய் நேர்மறை’ மருத்துவத்தில் ஏற்கெனவே புழங்குகிறது. அதையே இங்கும் வைத்துக்கொள்ளலாமே?

மருத்துவத்தில் இருக்கட்டும். விக்கியில் நடப்பதை அது சொல்லவில்லை. ஒருவர் எஸ்கியூஎல் (தரவுத்தளத்தை வினவும் மொழி) பற்றிய கட்டுரையில் எடுத்துக்காட்டாக ‘யூனியன் செலக்ட்’ வரி ஒன்றைச் சேர்த்துச் சேமிக்கிறார். விக்கிக்கு முன்னால் நின்று, வரும் கோரிக்கைகளைச் சோதிக்கும் வலைத் தீயரண் அதைத் தரவுத்தளத் தாக்குதலாக எடுத்துக்கொண்டு 403 பிழையை (அனுமதி மறுப்பு) காட்டுகிறது. அவரிடம் போய் ‘இது பொய் நேர்மறை’ என்றால் என்ன விளங்கும்? நேர்மறை என்றாலே நமக்கு நல்லது என்றுதான் காதில் விழுகிறது.

இன்னொரு மாற்றான ‘பிழைத்தடுப்பு’ இன்னும் சிக்கல். தீத்தடுப்பு தீயைத் தடுப்பது, நோய்த்தடுப்பு நோயைத் தடுப்பது. அந்த வரிசையில் இது பிழையைத் தடுப்பதாகிவிடும், பொருள் தலைகீழ்.

என் பரிந்துரை: வீண்தடை. குற்றம் செய்யாதவர்மேல் விழுவது வீண்பழி; தாக்காதவர்மேல் விழுவது வீண்தடை. மரபிலக்கணப்படி ‘வீண்டடை’ என்று புணர வேண்டும்தான். ஆனால் அப்படி எழுதினால் சொல்லே அடையாளம் தெரியாது. இயல்பாகவே விடுவோம்.

தவறு தீயரணுடையது என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். விக்கியை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளில் சாய்வெழுத்துக்கு இரண்டு ஒற்றை மேற்கோள் குறிகள், தடித்த எழுத்துக்கு மூன்று. அதே குறிதான் எஸ்கியூஎல் ஊடுருவலுக்கும் (உள்ளீட்டில் தரவுத்தளக் கட்டளையை நுழைக்கும் தாக்குதல்) பெரும்பாலும் தொடக்கம். தீயரண்களுக்கான பொது விதித் தொகுப்பான ஓவாஸ்ப் கோர் ரூல் செட்டின் இயல்பு அமைப்பில், பொருந்தும் விதிகளின் புள்ளிகள் கூடி 5 ஆனாலே தடை. மிக ஆபத்தானது என்று குறித்த விதி ஒன்று பொருந்தினாலே 5 வந்துவிடும். அதன் நான்கு கடுமை நிலைகளில் மூன்றாவதுக்குப் போனால் ஆஸ்கிக்கு (ஆங்கில எழுத்து, எண், குறிகளுக்கான பழைய குறியீட்டு முறை) வெளியே உள்ள பைட்டுகளே குற்றமாகின்றன. இணையத்தில் எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் அப்படிப்பட்ட மூன்று பைட்டுகள். அதாவது, தமிழில் எழுதுவதே தாக்குதல்! புதிதாக வந்தவர் தாம் ஏதோ தவறு செய்துவிட்டதாக நினைத்து ஒதுங்கிவிடுகிறார்.

விக்கியின் உள்ளேயே இயங்கும் முறைகேடு வடிகட்டி வேறு. அது தடுத்தால் பதிவேட்டில் இருக்கும், நிர்வாகிகள் பார்க்கலாம். தீயரண் தடுத்தது விக்கிக்கு வந்தே சேராததால் அங்கே தடயமே இருக்காது. பயனர் வந்து சொன்னால்தான் உண்டு. சொல்வதற்கு அவருக்கு ஒரு சொல் வேண்டாமா?

தீயரண் தடுக்காமல் பதிவு மட்டும் செய்யும் நிலையில் ‘தடை’ பொருந்தாது என்ற மறுப்பு சரியே. அங்கே ‘வீணெச்சரிக்கை’ எனலாம். எதிர்ப்பக்கத்துக்கு, அதாவது உண்மைத் தாக்குதல் பிடிபடாமல் போவதற்கு, ‘நழுவல்’.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்:

“விதிகளைக் கடுமையாக்கினால் நழுவல் குறையும், வீண்தடை பெருகும்.”

“உங்கள் தொகுப்பு சேமிக்கப்படவில்லை. இது வீண்தடை என்று கருதினால், நேரத்தையும் பக்கத்தின் பெயரையும் குறித்து நிர்வாகிக்கு எழுதுங்கள்.”

மாற்றுச் சொல் வைத்திருப்பவர்கள் இந்த இரண்டு வாக்கியங்களிலும் அதைப் பொருத்தி அனுப்புங்கள். பிறகு முடிவு செய்வோம்.