கப்பல் மோதி மாமா இறந்துட்டார், "லிமிட் இவ்ளோதான்"னு சொல்லி அக்காகிட்ட கையெழுத்து கேக்கறாங்க

குடியாத்தம் தம்பி:
வணக்கம், விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. எங்க அக்கா வீட்டுக்காரர் டீசல் மெக்கானிக், ஊர்ல வேலை சரியா இல்லன்னு காசிமேடு போயி ஒரு விசைப்படகுல டிரைவரா இருந்தார். நாலு மாசம் முன்னாடி ராத்திரி ரெண்டு மணி வாக்குல சரக்குக் கப்பல் ஒண்ணு மோதி படகு ரெண்டா ஒடஞ்சுது, மாமாவும் இன்னொருத்தரும் போயிட்டாங்க, மத்தவங்கள பக்கத்துப் படகுக்காரங்க தூக்கிட்டாங்க. மாமா பாடி மூணாம் நாள்தான் கெடச்சுது. போன வாரம் கப்பல்காரங்க சார்பா ஒரு வக்கீல் வீட்டுக்கே வந்து, கப்பல் ஓனருக்கு சட்டத்துல லிமிட் இருக்கு, அதுக்கு மேல ஒரு பைசா வராது, 8 லட்சம் வாங்கிக்கிட்டு கையெழுத்து போடுங்கன்னு பத்திரத்த வச்சிட்டுப் போனார். மூணு எடத்துல பென்சில்ல குட்டியா புள்ளி வச்சிருக்கார், அங்கதான் போடணுமாம். அக்கா பீடி சுத்தித்தான் ரெண்டு பசங்கள பாத்துக்குது, அந்தப் பத்திரம் பீடி மொறத்துக்குப் பக்கத்துலயே கெடக்குது, தெனம் பாத்து அழுவுது. இந்த லிமிட் நெஜமா?

ராணிப்பேட்டை பாலாறு:
ரொம்ப வருத்தமா இருக்கு தம்பி. லிமிட் நெஜம்தான். 2024ல அமெரிக்காவுல பால்டிமோர் பாலத்த டாலி கப்பல் இடிச்சு 6 பேர் செத்தாங்களே, அதுல ஓனர் கம்பெனி உடனே கோர்ட்டுக்குப் போயி 4 கோடியே 37 லட்சம் டாலர் சுமாருக்கு மேல எங்க பொறுப்பு இல்லன்னு மனு போட்டுச்சு. பெரியவங்கள எதிர்த்து நின்னு ஜெயிக்க முடியாது, வர்றத வாங்கிக்கிறதுதான் நல்லதோன்னு தோணுது.

சத்துவாச்சாரி வக்கீல்:
பாலாறு சார், மன்னிக்கணும், அது அமெரிக்காவோட 1851 சட்டம். அங்க விபத்துக்கு அப்புறம் கப்பலுக்கு என்ன மதிப்பு மிச்சம் இருக்கோ அத வச்சு கணக்கு போடுவாங்க. நம்ம நாடு சேந்திருக்கறது கப்பல் ஓனர் பொறுப்புக்கு லிமிட் வைக்கற 1976 லண்டன் ஒப்பந்தம், அதோட அத திருத்தின 1996 ப்ரோட்டோகால். இதுல கப்பலோட அளவக் குறிக்கற டன் கணக்குதான்.

தம்பி, கவனமா படிங்க. லிமிட்னா உங்களுக்குத் தர்ற தொகை இல்ல. செத்தவங்க, அடிபட்டவங்க எல்லாருக்கும் சேத்து ஓனர் தலையில விழக்கூடிய மொத்தத்துக்கு ஒரு கூரை, அவ்ளோதான். 2015 ஜூன்ல அமலுக்கு வந்த அளவுப்படி 2000 டன் வரைக்கும் உள்ள கப்பலுக்கே உயிரிழப்புக்கு 30 லட்சத்து 20 ஆயிரம் எஸ்டிஆர். எஸ்டிஆர்ங்கறது ஐஎம்எஃப் வச்சிருக்கற கணக்கு அலகு, ஒண்ணு நூறு ரூபாய்க்கு மேல. அப்ப குட்டிக் கப்பலுக்கே 30 கோடிக்கு மேல வருது. 2000க்கு மேல 30000 டன் வரைக்கும் டன்னுக்கு 1208 எஸ்டிஆர் கூடும், அப்ப 30000 டன் கப்பலுக்கு 3 கோடியே 68 லட்சம் எஸ்டிஆர், ரூபாயில 368 கோடிக்கும் மேல. ரெண்டு உயிர் போன கேஸ்ல அந்தக் கூரை உங்க தலைய தொடவே தொடாது. 8 லட்சத்துக்கு லிமிட்ட காரணம் காட்டறது ஏமாத்து வேலை, எனக்கு இத படிக்கும்போதே வயிறு எரியுது.

கையெழுத்து போட்டா "இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்"னு ஆயிடும், அதனால பத்திரத்துல தொடாதீங்க. இந்த கேஸ் வேலூர் கோர்ட்ல போட முடியாது, கப்பல் வழக்குகளுக்குன்னே இருக்கற 2017 அட்மிரால்டி சட்டப்படி சென்னை ஹைகோர்ட்தான், கப்பல் நம்ம கடல் எல்லைக்குள்ள வந்தா அரெஸ்ட் பண்ண, அதாவது கோர்ட் உத்தரவுல நகரவிடாம நிறுத்தி வைக்கக் கேக்கலாம். உயிரிழப்புக்குக் கப்பல் மேல இருக்கற பிடிப்பு, அதாவது அந்தக் கப்பல வச்சே நஷ்டஈட்ட வசூலிக்கற உரிமை, ஒரு வருஷத்துல போயிடும், நஷ்டஈடு வழக்குக்கு இறந்த தேதியில இருந்து ரெண்டு வருஷம். உங்களுக்கு நாலு மாசம் போயிடுச்சு. வாரிசு சான்றிதழ் தாலுகா ஆபீஸ்ல உடனே எழுதிக் குடுங்க. பணம் இல்லையேன்னு யோசிக்க வேணாம், பொம்பளைங்களுக்கு வருமானம் எவ்ளோன்னு பாக்காம இலவச சட்ட உதவி உண்டு, ஹைகோர்ட் சட்டப் பணிகள் குழுவுல அக்கா பேர்லயே மனு குடுங்க.

காட்பாடி மாலுமி:
நான் கப்பல்ல செகண்ட் ஆபீசரா இருந்தவன், ரிட்டையர் ஆயி காட்பாடியில இருக்கேன். வக்கீல் சொன்னதோட இதையும் பிடிச்சுக்கோங்க. கப்பல ஓட்டற அறையான பிரிட்ஜ்ல விடிஆர்னு ஒரு பதிவுப் பெட்டி இருக்கு, பேச்சு, ராடார் எல்லாம் அதுல ஏறும். பழைய மாடல் 12 மணி நேரம்தான் வச்சிருக்கும், புதுசுல 30 நாள் வரைக்கும் இருக்கும், சேவ் பண்ணலன்னா அது மேலயே அடுத்தது ஏறிடும். மோதுன உடனே சேவ் பண்ணாங்களா, காப்பி யாருகிட்ட இருக்குன்னு வக்கீல விட்டு எழுத்துல கேக்கச் சொல்லுங்க, கப்பல் எந்த வழியா போச்சுன்னு சிக்னல்ல பதிவாகற ஏஐஎஸ் டிராக்கும் கேளுங்க. வலை போட்டுக்கிட்டு இருந்த படகுக்கு இன்ஜின் கப்பல்தான் விலகிப் போகணும், அதுதான் சர்வதேச விதி. ஆனா படகுல லைட் எரிஞ்சுதான்னு கட்டாயம் கேப்பாங்க. தப்பிச்சவங்ககிட்ட ஞாபகம் மங்கறதுக்குள்ள எழுதி வாங்கிடுங்க, ஒடஞ்ச பலகையில கப்பல் பெயிண்ட் ஒட்டியிருக்கும், அத யாரும் சுரண்டவோ விக்கவோ விடாதீங்க.

குடியாத்தம் தம்பி:
ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். படகோட தலைவரான ஸ்ராங்குகிட்ட இப்பதான் பேசினேன், மோதும்போது வலை தண்ணியிலதான் இருந்துச்சாம், லைட் போட்டுதான் இருந்தாங்களாம், எழுதித் தர்றேன்னார். முன்பக்கப் பலகை இன்னும் கரையில கெடக்குது, செவப்பு பெயிண்ட் தீத்தின மாதிரி ஒட்டியிருக்குன்னு போட்டோ அனுப்பினார், பங்கு நோட்டுல மாமா வாங்கின கணக்கும் இருக்காம். நாளைக்கு காலைல அக்காவ கூட்டிக்கினு தாலுகா ஆபீஸ் போறேன். பத்திரத்த மடிச்சு டிரங்குப் பெட்டியில வச்சிட்டேன், புள்ளி வச்ச எடம் மூணும் காலியாவே இருக்கு.